இன்னோம் பள்ளத்தாக்கும் என் அம்மாவும்

எனக்கு நரகம் விழுந்தது. எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் மாதம் ஒருவர் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுப்போம். அதில் வேதத்திலிருந்து ஒரு சொல் எழுதியிருக்கும். அந்தச் சொல் எங்கே பிறந்தது, எப்படி நம்மிடம் வந்தது என்று படித்துவிட்டு வந்து அடுத்த மாதம் அரை மணி நேரம் பேச வேண்டும். எனக்கு முந்தினவருக்குக் கிருபை வந்தது, அவருக்கு முந்தினவருக்குச் சமாதானம். நான் எடுத்துப் பிரித்தால் நரகம். "ஃபவுண்டரில வேல செய்றவளுக்கு கரெக்டாதான் வந்துகீது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் ஒரு கம்பெனியில் இருபது வருடமாகப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். உருகிய இரும்பில் நீளக் கம்பியை முக்கிச் சூடு பார்த்துச் சொல்வதும், சின்னத் துண்டு ஒன்றை வார்த்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதும் என் வேலை. நான் சரி என்று சொல்லாமல் யாரும் உலையைச் சாய்க்க மாட்டார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். அளந்து பார்க்காமல் பேசுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். ஆகவே நரகத்தையும் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் சபைப் போதகரான ஐயர் இரண்டு தடிப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இயேசு பேசியபோது சொன்ன அந்தச் சொல் வானத்திலிருந்தோ பூமிக்கு அடியிலிருந்தோ வந்தது இல்லை. அது ஒரு இடத்தின் பெயர். எபிரேயத்தில் கே என்றால் பள்ளத்தாக்கு. ஹின்னோம் என்பது யாரோ ஒரு மனிதரின் பெயர், நம் வேதத்தில் இன்னோம் என்று இருக்கும். எருசலேம் மதிலுக்கு வெளியே தெற்குப் பக்கத்தில் அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ பாத்தியதைப்பட்ட பள்ளம் அது. கே ஹின்னோம் என்பது கிரேக்கர்கள் வாயில் கெஹென்னா ஆயிற்று. கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் பாய் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஜஹன்னமும் அதான் மேடம்" என்று சொல்லிக் குழம்பை ஊற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்.

தமிழுக்கு வேதம் வந்தபோது மொழிபெயர்த்தவர்கள் இங்கே எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருந்த நரகம் என்ற சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அதோடு பள்ளத்தாக்கு நம் கண்ணிலிருந்து மறைந்துபோனது. பழைய தமிழில் நரகத்துக்கு அளறு என்றும் ஒரு சொல் இருக்கிறது. சேறு என்றுதான் அதற்குப் பொருள். நம் ஆட்கள் ஒரு காலத்தில் நரகத்தை நெருப்பாக நினைக்காமல், காலை இழுக்கும் சேறாக நினைத்திருக்கிறார்கள். பாதி ஆயுசைக் கழனிச் சேற்றில் நாற்று நட்டே கழித்த என் அம்மாவிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, ஒரு பள்ளத்துக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர்? ஊர்க் குப்பையெல்லாம் அங்கே ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது, அதனால்தான் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். குப்பைமேட்டுப் புகையில் வாழும் நமக்கு அது உடனே புரிந்தும்விடும். ஆனால் அந்தக் கதை வெகு காலத்துக்குப் பின்னால் வந்தது, அதற்குச் சான்று போதாது என்று புத்தகம் சொல்லியது. உண்மைக் காரணம் அதைவிட மோசம். பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் ஒரு தெய்வத்துக்கு என்று நெருப்பில் போட்டிருக்கிறார்கள். ராஜாக்களே போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் பெயரைச் சொல்லவே பிறகு வந்தவர்களுக்கு நாக்கு கூசியது. நினைத்துப் பார்க்க முடியாத வேதனைக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தார்கள். இதைப் படித்த அன்று நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

இவ்வளவும் கையில் இருந்தும் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பேச்சை இரண்டு பாதியாகப் பிரித்தேன். முதல் பாதியில் நெருப்பு, இரண்டாம் பாதியில் பள்ளத்தாக்கு. கூட்டத்தை முதலில் பிடித்து உட்கார வைக்க வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம். அம்மா எப்போதும் போலக் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து, "தண்ணி நூறு டிகிரில கொதிக்கும். எங்க உலை ஆயிரத்து ஐந்நூறு" என்று ஆரம்பித்தேன். இரும்பு முதலில் சிவப்பாகி, பிறகு மஞ்சளாகி, பிறகு கண்ணால் பார்க்க முடியாத வெள்ளையாகும் கதையைச் சொன்னேன். மிளகு அளவு பொறி பட்ட இடம் என்று சொல்லி ஜாக்கெட் கையைச் சுருட்டி முழங்கைத் தழும்பைக் காட்டினேன். "இந்தப் பொறி ஒரு நொடிதான் பட்டது. முடிவே இல்லன்னா?" என்று கேட்டு நிறுத்தினேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அந்த அமைதியில் அம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். வயதானவள், பாத்ரூமுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் பகல் வெளிச்சத்திலேயே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அரை இட்லி, அதற்கு மறுநாள் காப்பி மட்டும். எங்கள் வீட்டில் நானும் அவளும்தான். அப்பா போய் ஆறு வருடமாகிறது, கல்யாணம் வேண்டாம் என்று நான் இருந்துவிட்டேன். பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்தில் எல்லா எண்ணும் சரியாக இருந்து வார்ப்பு மட்டும் விரிசல் விடுவதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன்.

பத்து நாள் இப்படி ஓடியது. அன்று எனக்கு வார விடுமுறை. காலையில் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஆயிரத்து ஐந்நூறுன்னு சொன்னியே, அதுல ஒரு ஆளு உழுந்தா ஒடனே செத்துப்பூடுவாங்களா? இல்ல, சாவாம கெடப்பாங்களா?"

"இன்னாம்மா கேக்குற?"

"நான் அங்கதான போவப் போறேன். தெரிஞ்சி வச்சிக்க வேணாவா?"

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

அப்போதுதான் சொன்னாள். எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டிருக்கிறது. அப்பா அப்போது செங்குன்றத்தில் ரைஸ் மில் வேலையில் இருந்தார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

"ஒடம்பு பூரா வாரிப் போட்டுருச்சி ஒனக்கு. கண்ணு தொறக்கல. ரெண்டு நாளு தண்ணி எறங்கல. ஜெபம் பண்ணேன்டி, பண்ணாம இல்ல. மூணாம் நாளு நீ கூப்ட்டா கூட திரும்பல. பக்கத்தூட்டு அக்கா வந்து பாத்துட்டு, பெரியபாளையத்தாள நெனச்சிக்கடின்னா. நெனச்சிக்கினேன். புள்ள பொழச்சா வேப்பஞ்சேல கட்டிக்கினு உன்ன சுத்தி வர்றேன் தாயேன்னு வாய் உட்டுச் சொன்னேன். மறுநாளு நீ கஞ்சி குடிச்ச."

வேண்டியதோடு நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அப்பாவிடம் நடவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். புடவைக்கு மேலே வேப்பிலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சபை ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மூன்று முறை கோயிலைச் சுற்றி வந்திருக்கிறாள். சனிக்கிழமை அப்பா வந்து, "இன்னாடி, தலையெல்லாம் வேப்பல வாசன?" என்று கேட்டபோது, பேனுக்கு அரைத்துத் தேய்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்தாள்.

"அன்னிக்கிலருந்து நான் பந்தியில கைநீட்டுனது இல்ல" என்றாள்.

பந்தி என்று அவள் சொன்னது திருவிருந்தை; எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு பீடத்தின் முன் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு அம்மா எழுந்து போய், கைக்குழந்தைக்காரிகளிடமிருந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டு வெளியே நிழலில் உட்காருவாள். பெற்றவர்கள் நிம்மதியாக முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டு வரட்டும் என்று மடியில் ஒன்று, தோளில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று வைத்திருப்பாள். வந்த ஐயர்மார் எல்லோரும் அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கும் அதில் பெருமை. அது ஊழியம் இல்லை, ஒளிந்துகொள்வது என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? ஆயிரத்து ஐந்நூறை அளக்கத் தெரிந்தவளுக்குப் பெற்ற தாயை அளக்கத் தெரியவில்லை. என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

ஆத்திரம் வந்தால் எனக்குக் குரல் உயரும். "ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா! இதுக்குப் போயி நாப்பது வருஷமா வெளிய குந்திக்கினு இருந்த?"

"மன்னிப்பு கேக்கணும்னா வருத்தப்படணும்ல? எனக்கு வருத்தம் வரலியே. நானும் எவ்ளோவோ இழுத்துப் பாத்தேன், வரல. நாளைக்கி ஒனக்கு அப்டி வந்தா மறுபடியும் கட்டுவேன். நெஞ்சுல அத வச்சிக்கினு எப்டிப் போயி கைநீட்டுறது? அவுரு உள்ள பாக்கறவரு ஆச்சே." கீரைக் காம்பை ஒடித்துத் தூரப் போட்டாள். "உங்க நைனா மேல கீறாரு. நான்தான் அவர பாக்க முடியாது."

அழுகை எனக்குத்தான் வந்தது, அவளுக்கு வரவில்லை. அவள் என்றைக்கோ அழுது முடித்துவிட்டாள்.

மூக்கைச் சிந்திக்கொண்டு, அவள் கேட்காமல் எழுந்து போன மறுபாதியைச் சொன்னேன். நரகம் என்று நாம் சொல்வது முதலில் ஒரு பள்ளம் என்று சொன்னேன். ஊருக்கு வெளியே இருந்தது, பெற்றவர்களே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் நெருப்பில் போட்ட இடம், அதனால்தான் அந்தப் பெயர் சாபமாயிற்று என்று சொன்னேன். "அவங்க புள்ளைய நெருப்புல போட்டாங்கம்மா. நீ நெருப்புல கெடந்த புள்ளையத் தூக்கின" என்று முடித்தேன். இதைவிடப் பெரிய வாதம் உலகத்தில் இல்லை என்று எனக்கு நினைப்பு.

அம்மா கேட்டாள்: "யாருக்கோசரம் போட்டாங்க?"

"ஏதோ ஒரு தெய்வத்துக்கு."

"கர்த்தருக்கு இல்லையே? வேற சாமிக்குத்தான?"

"ஆமா."

"அதத்தான்டி நானும் செஞ்சேன்."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என் வாதத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள், நான் தடிப் புத்தகம் இரண்டையும் படித்தும் கண்டுபிடிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். முதல் தடவை பாதி பேசிக் கெடுத்தேன், இப்போது முழுக்கப் பேசிக் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. பேசாமல் உள்ளே போய் ஐயர் கொடுத்த புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிய பக்கத்தைத் தேடினேன். கடவுளுக்கு அங்கே எதனால் கோபம் என்று ஒரு பத்தி இருந்தது. வேறு தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்ற கோபம் இருக்கத்தான் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை எரித்ததைச் சொல்ல வரும்போது பேச்சின் தொனியே மாறுகிறது என்று எழுதியிருந்தது. இப்படி ஒன்றை மனுஷன் செய்வான் என்று தனக்குத் தோன்றியதே இல்லை என்று கடவுளே திகைத்துப்போனாராம். அதை அம்மாவுக்குப் புரிகிறபடி சொன்னேன்.

"அவுருக்கே தோணலையா?"

"தோணலையாம்."

"பின்ன தோணுமா? பெத்தவங்க செய்ற வேலையா அது?" அம்மாவுக்கு அந்தப் பழைய ராஜாக்கள் மேல் உண்மையாகவே கோபம் வந்தது. கீரைத் தட்டைத் தள்ளிவைத்தாள். "எதுக்குடி போட்டாங்க? மழ வரணும்னா?"

"சண்டையில ஜெயிக்கணும், நாடு நல்லா இருக்கணும், அப்டி ஏதோ."

"அதான பாத்தேன். அவுங்க புள்ளையக் குடுத்து எதையோ வாங்கப் போனாங்க. நான் என்னியக் குடுத்து புள்ளைய வாங்கப் போனேன். நரகத்துக்குப் போனாலும் போறேன், இது பொழைக்கட்டும்னு தெரிஞ்சேதான் போனேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டது என்று நினைக்கிறேன். "அது வேற, இது வேறடி."

"அது வேறதாம்மா."

அவள் முகத்தில் ஏதோ இளகியது. அந்தப் பள்ளம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஃபோனில் படம் இருந்தது, காட்டினேன். சரிவெல்லாம் புல், அங்கங்கே ஒலிவ மரம், நடைபாதை. அம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுவா நரகம்?"

"பேரு இங்கேருந்துதான் வந்துச்சி."

"நல்லா ஆடு மேய்க்கலாமே!" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பத்து நாளாக நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தார்கள். அன்றைக்கு முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். நான் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்தேன்.

ஆனால் அம்மா கெட்டிக்காரி. மகள் சொல்லிவிட்டாள் என்பதற்காகப் பந்திக்குப் போய்விட மாட்டாள். "ஐயர் கிட்ட சொல்லணும். மறுபடி கட்டுவேன்னும் சேத்தே சொல்லணும். அவுரு வேணான்னா வேணாம்" என்றாள். எனக்கு மறுபடியும் பயம் பிடித்தது. ஐயர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, சட்டம் பேசுகிறவரா இல்லையா என்று இன்னும் சரியாகத் தெரியாது. அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அம்மா இனிமேல் எழுந்திருக்கவே மாட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போனோம். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மை, வேப்பஞ்சேலை, பேனுக்கு அரைத்தேன் என்ற பொய், வெளியே உட்கார்ந்த நாற்பது வருடம், ஒன்றையும் விடவில்லை.

ஐயர் கேட்டார்: "இப்ப திரும்பவும் அப்படி ஒரு நெலம வந்தா?"

நான் அம்மாவின் காலை மெல்ல மிதித்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை.

"கட்டுவேன் ஐயரே."

அவர் தன் நாற்காலியை அம்மாவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பாவப் பாரத்த எல்லாம் எறக்கி வச்சாச்சுன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, எறக்காமலே வந்து கைநீட்டுதவங்கள எனக்குத் தெரியும்மா. நீங்க பொய் சொல்ல மாட்டேன்னு நாப்பது வருஷம் பட்டினி கெடந்திருக்கீங்க. ஞாயித்துக்கெழம வாங்க. மிச்சத்த அவர் பாத்துக்கிடுவாரு."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அம்மா வெளியே வந்து செருப்பைப் போடும்போது கால் மாற்றிப் போட்டாள், அப்புறம் சரி செய்துகொண்டாள்.

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்ததும் கைக்குழந்தைக்காரிகள் வழக்கப்படி பிள்ளைகளோடு கடைசி வரிசைக்கு வந்தார்கள். ஒருத்தி பிள்ளையை நீட்டியே விட்டாள். "இன்னிக்கி நீங்களே வச்சிக்கங்கடி, எனக்கு வேல கீது" என்றாள் அம்மா. அவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நடந்தேன். பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு மெல்ல முழங்கால் போட்டாள். ஐயர் அப்பத் தட்டோடு அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார். எங்களிடம் வர இன்னும் மூன்று பேர் இருந்தபோது அம்மா என் பக்கம் சாய்ந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஏய், எந்தக் கைடி மேல?" என்று கிசுகிசுத்தாள். "மறந்துபோச்சி."

அப்பம் வாங்குகிற முறைப்படி அவள் வலது கையை எடுத்து இடது கையின் மேல் விரித்து வைத்தேன். ஐயர் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும் வரை அவள் அதை அசைக்கவே இல்லை.